வயலை விட்டு வருபவர்களை எந்தத் துறைக்கு அனுப்புவது?

இந்தியாவில் வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த மதிப்புக் கூட்டலில், அதாவது வாங்கிப் போட்ட பொருளின் விலையைக் கழித்த பிறகு எல்லாத் துறைகளும் புதிதாக உண்டாக்கும் மதிப்பில், விவசாயத்தின் பங்கு 18 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. இது 2023-24 கணக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள், நாட்டின் சராசரித் தொழிலாளி 100 ரூபாய் மதிப்பை உண்டாக்கினால் விவசாயத்தில் இருப்பவர் 39 ரூபாய்தான் உண்டாக்குகிறார் என்று வரும். இதே கணக்கில் கட்டுமானம் 75 ரூபாயை ஒட்டி வரும். உற்பத்தித் தொழில், எந்த ஆண்டு விலையில் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, 125இலிருந்து 150 வரை. சேவைத் துறை முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் 185.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே பதில்தான் தோன்றும்: 39இல் இருப்பவரைத் தூக்கி 185இல் வைத்துவிடலாமே. பொருளாதாரம் படித்தவர்கள், பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954லேயே சொன்னதுதானே இது என்பார்கள். சரி, ஆனால் 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்த விவசாய வேலைப் பங்கு, அதன் பிறகு குறையவில்லை, 46க்கு ஏறியிருக்கிறது. கொரோனாவில் ஊருக்குத் திரும்பியவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை என்பது ஒரு காரணம். பெண்கள் பெருமளவில் கணக்குக்குள் வந்தது இன்னொன்று: 2017-18இல் 23 சதவீதமாக இருந்த பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2023-24இல் 42ஐத் தொட்டது, கிராமத்துப் பெண்களில் வேலை செய்பவர்களை எடுத்தால் நான்கில் மூன்று பேருக்கு மேல் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள், அதிலும் நிறையப் பேர் சொந்த வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் கூலியில்லாமல் உழைப்பவர்கள்.

ஆக முடிவு எடுக்க வேண்டிய கேள்வி இதுதான். அரசின் கையில் இருக்கும் அடுத்த நூறு ரூபாயை, நிலத்தை, சலுகையை எந்தப் பக்கம் தள்ளுவது? விவசாயத்துக்குள்ளேயே திறனைக் கூட்டுவதா, கட்டுமானத்துக்கா, தொழிற்சாலைக்கா, சேவைத் துறைக்கா? நான் வேலை பார்ப்பது திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், தையல் லைனில் நேரம் எடுத்து உற்பத்திக் கணக்குப் போடும் வேலை. அதனால் எனக்குத் தொழிற்சாலைப் பக்கம் ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 185ஐப் பற்றி. சேவைத் துறை எண்ணை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்த மூட்டைக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. நீங்கள் சொந்த வீட்டில் குடியிருந்தால், அந்த வீட்டுக்கு எவ்வளவு வாடகை வந்திருக்குமோ அதை ஒரு கற்பனை வருமானமாக எடுத்து ரியல் எஸ்டேட் துறையின் உற்பத்தியில் சேர்க்கிறார்கள். உலகம் முழுக்க இதுதான் முறை, தப்பில்லை. ஆனால் அந்த வாடகையை உண்டாக்க ஒரு தொழிலாளிகூட வேலை செய்யவில்லை, ஆகவே தலைக்கு எவ்வளவு என்று வகுக்கும்போது அந்தத் துறையின் எண் வானத்துக்குப் போய்விடும். அரசு நிர்வாகத்தின் உற்பத்தியையும் பெருமளவு சம்பளச் செலவை வைத்துத்தான் அளக்கிறார்கள், தாலுகா ஆபீஸில் ஒரு பட்டா மாறுதல் எத்தனை நாளில் முடிகிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு கிடையாது. வங்கியும் மென்பொருளும் இன்னும் கொஞ்சம் மேலே இழுக்கும். இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் தெருமுனை மளிகைக் கடை, டீக்கடை, ஆட்டோ, சலூன், வீட்டு வேலை, பைக்கில் சாப்பாடு கொண்டுவரும் பையன்.

வயலை விட்டு வருபவர் போய்ச் சேருவது இந்த மிச்சத்தில்தான். பதிவு பெறாத சிறு தொழில்கள் பற்றிய அரசுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. விவசாயம் சாராத சிறு கடை, சிறு பட்டறை, சிறு சேவை எல்லாம் அதில் வரும். 2023-24இல் 7.34 கோடி நிறுவனங்கள், அவற்றில் 12 கோடிப் பேர். அதாவது ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை, பல இடத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆள். அங்கே ஒருவர் வருடம் முழுக்க உண்டாக்கும் மதிப்பு சுமார் 1.5 லட்சம் ரூபாய். அதே ஆண்டு பதிவு பெற்ற தொழிற்சாலைகளின் வருடாந்திரக் கணக்கை எடுங்கள்: 24.5 லட்சம் கோடி மதிப்புக் கூட்டல், 1.95 கோடிப் பேர், தலைக்குப் பன்னிரண்டரை லட்சம். எட்டு மடங்குக்கு மேல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விவசாயத்துக்கும் சேவைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஐந்து மடங்குக்கும் குறைவு. பெரிய தொழிற்சாலைக்கும் இரண்டு பேர் பட்டறைக்கும் நடுவில் எட்டு மடங்கு. துறை எது என்று நாம் அடித்துக்கொள்கிறோம், ஆனால் ஒருவர் எவ்வளவு உண்டாக்குகிறார் என்பதை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அவர் எப்படிப்பட்ட இடத்தில் நிற்கிறார், பக்கத்தில் எத்தனை பேர், என்ன மெஷின், யார் வேலையை ஒழுங்கு செய்கிறார்கள் என்பது. தொழிற்சாலைக் கணக்கில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையும் இரும்பாலையும் சேர்ந்து சராசரியை மேலே தூக்கிவிடுகின்றன என்பது உண்மைதான், ஒரு பனியன் கம்பெனியில் தலைக்குப் பன்னிரண்டு லட்சமெல்லாம் வராது. அதைத் தள்ளுபடி செய்தாலும் இடைவெளி பெரியதாகவே இருக்கும்.

அதனால் நான் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் பார்க்கிறேன். சராசரி என்ன என்பதை விட்டுவிட்டு, புதிதாக உள்ளே வரும் அடுத்த ஆள் அங்கே எவ்வளவு உண்டாக்குவார்? அந்த இடம் எத்தனை பேரை வாங்கிக்கொள்ளும்? பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த ஒரு கிராமத்துப் பெண் அதற்குள் நுழைய முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பல அறிக்கைகள் அடிக்குறிப்பில் போடும், எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி, ஏனென்றால் வேலை செய்யும் பெண்களில் பெரும்பங்கு வயலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

விவசாயம். இங்கேயே இருந்து திறனைக் கூட்டலாம் என்பவர்கள் சீனாவைக் காட்டுவார்கள். சீனாவில் ஹெக்டேருக்கு ஏழு டன் நெல், நம் நாட்டுச் சராசரி நான்கு டன் சொச்சம். ஏற்றுவதற்கு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹெக்டேருக்கு எவ்வளவு என்பது வேறு, ஆளுக்கு எவ்வளவு என்பது வேறு. இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பு எண் இது, அதன் பிறகு பாகப்பிரிவினைகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் விளைச்சலை ஒன்றரை மடங்கு ஆக்கினால்கூட அதை நான்கு பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

டெல்டாவில் அறுவடையைப் பாருங்கள். ஒரு ஏக்கரை ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குத் தூக்கி அடிப்பது பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு முழு நாள் பாடு. இப்போது அறுவடை மிஷின் ஒரு மணி நேரத்தில், ஈரம் அதிகமென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில், நெல்லைத் தனியாகக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. காய்ந்த நிலத்துக்கு டயர் வண்டி, சேறு என்றால் பெல்ட் வண்டி, பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல். மழை வரும் என்று செய்தி வந்த நாளில் அந்த வண்டிக்காக ஊரே வரிசையில் நிற்கும். உழைப்புத் திறன் என்று பார்த்தால் இது அசுரப் பாய்ச்சல். ஆனால் அந்தப் பதினைந்து பேர் எங்கே போனார்கள்? வேறு வேலை கிடைத்துப் போயிருந்தால் நாட்டுக் கணக்கில் இது லாபம். நூறு நாள் வேலைக்கும் மரத்தடிக்கும் போயிருந்தால் ஒரு ஏக்கரின் கணக்கு மட்டும்தான் அழகாக இருக்கும்.

விவசாயத்தில் ஆளுக்கான உற்பத்தி நிஜமாகவே உயர்ந்த நாடுகளில் எல்லாம் அது நடந்தது ஆட்கள் வெளியே போனதால்தான். தென் கொரியாவில் 1960களின் தொடக்கத்தில் பத்தில் ஆறு பேர் விவசாயத்தில் இருந்தார்கள், இப்போது இருபதில் ஒருவர். ஆக விவசாயத்தின் பிரச்சினைக்கு விடை பெரும்பாலும் விவசாயத்துக்கு வெளியே இருக்கிறது. உள்ளே செலவு செய்யத் தகுந்தவை என்றால் பால், கோழி, காய்கறி போன்றவை, சின்ன நிலத்திலும் வருடம் முழுக்க ஆளுக்கு வேலை தருபவை. நெல்லுக்கான இலவச மின்சாரத்தை இன்னும் கூட்டுவது உழைப்புத் திறனுக்கு ஒன்றும் செய்யாது, அது நிலத்தடி நீரைத்தான் இறக்கும்.

கட்டுமானம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வழி, யாரும் திட்டமிடாமலேயே. 2004-05இல் வேலை செய்பவர்களில் 6 சதவீதத்தை ஒட்டி அங்கே இருந்தார்கள், 2011-12இல் 10க்கு மேல், இப்போது 12. வயலிலிருந்து வெளியே வரும் ஆணுக்கு முதல் கதவு இதுதான்: படிப்பு கேட்க மாட்டார்கள், அன்றைக்கே கூலி, ஊரிலிருந்து ஒரு மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனால் போதும். முதல் இரண்டு கேள்விகளுக்கு இது தேறிவிடும், 39இலிருந்து 75க்கு ஒரு தாவல், கோடிக்கணக்கானவர்களை வாங்கவும் செய்கிறது. ஆனால் ஏணி அங்கேயே முடிந்துவிடுகிறது. சித்தாளாகப் போகும் பெண் முப்பது வருடம் கழித்தும் சித்தாள்தான், கரண்டியைக் கையில் கொடுத்துக் கொத்தனார் ஆக்கும் மேஸ்திரிகள் அபூர்வம். பெரிய சைட்டுகளில் ரெடிமிக்ஸ் லாரியும் கிரேனும் வந்துவிட்டன, தெருவில் கட்டும் வீட்டில் சாரம், மணல், தலைச்சுமை எல்லாம் பெரும்பாலும் பழையபடிதான். பெரும்பாலான நாடுகளின் கணக்கில் கட்டுமானத்தில் ஆளுக்கான உற்பத்தி மந்தமாகவே உயர்கிறது, அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இறங்கியே வந்திருக்கிறது.

இங்கே கூலியை வைத்துத் திறனை அளக்கும் ஒரு பொறி இருக்கிறது. கேரளாவில் கட்டுமானத் தொழிலாளியின் நாள் கூலி 2022-23இல் 850 ரூபாய்க்கு மேல், அகில இந்தியச் சராசரி 400ஐ ஒட்டி. கேரளத்தில் ஒருவர் இரண்டு மடங்கு செங்கல் வைக்கிறார் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பல இடங்களில் அங்கே வேலை செய்பவரே ஒடிசாக்காரரும் வங்காளிகளும்தான். வளைகுடாப் பணம் வீடு கட்ட வருகிறது, உள்ளூர் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கூலி ஏறுகிறது. கையில் கூடுதல் காசு வருவது நல்ல விஷயம், ஆனால் அந்தக் காசை உண்டாக்கிய உற்பத்தி வேறு எங்கோ நடந்திருக்கிறது. கட்டுமானம் எப்போதும் இப்படித்தான், வேறு துறைகள் சம்பாதித்தால் ஓடும், அவை நின்றால் நிற்கும். அதனால் இதை ஊக்குவிக்கத் தனியாகப் பணம் போட வேண்டியதில்லை, பெண்களுக்கு அந்த ஏணியை நீட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் போட்டால் போதும்.

மென்பொருள் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஏனென்றால் கணக்கு சின்னது. 2023-24 கணக்கில் ஐடி துறை நாட்டின் ஜிடிபியில் ஏழு சதவீதத்தை ஒட்டித் தந்தது, வேலை செய்தவர்கள் 54 லட்சம், அதாவது மொத்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட முழுதாக இல்லை. ஆளுக்கான உற்பத்தி என்ற ஒரே அளவுகோலை வைத்துப் போட்டி நடத்தினால் இதற்குத்தான் கோப்பை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே நடத்தும் திறன் மையங்கள் வேறு பெருகியிருக்கின்றன, அதே ஆண்டில் 1,700க்கு மேல், 19 லட்சம் பேர். ஆனால் ஆர்க்காடு பக்கத்திலிருந்து பன்னிரண்டாவதோடு நின்ற பெண்ணுக்கு, ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓஎம்ஆர் சாலையில் கிடைக்கும் வேலை ஹவுஸ் கீப்பிங், அது இந்த ஏழு சதவீதக் கணக்கில் வராது. உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 சதவீதம், நாட்டின் சராசரி 28, எனவே இங்கே இந்த வழி மற்ற மாநிலங்களைவிட அகலம். பீகாரிலோ ஜார்க்கண்டிலோ உட்கார்ந்து இதைத் திட்டமாகப் போடுபவர் கனவு காண்கிறார். இதற்குள் செயற்கை நுண்ணறிவு வந்து புதியவர்களை எடுப்பதைச் சுருக்குகிறது, 2025 ஜூலையில் டிசிஎஸ் ஆட்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது நினைவிருக்கும். ஆளுக்கான உற்பத்தி ஏறும், ஆட்களின் எண்ணிக்கை ஏறாது. முதல் கேள்வியில் முதலிடம், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கடைசி இடம்.

இப்போது தொழிற்சாலை. இதிலும் எல்லாம் தங்கமில்லை. பங்களாதேஷைத்தான் எல்லோரும் உதாரணமாகச் சொல்வார்கள்: நாற்பது லட்சம் பேர் ஆடைத் தொழிலில், வருட ஏற்றுமதி 40 பில்லியன் டாலரை ஒட்டி, நம் நாடு முழுவதற்கும் சேர்த்தே 16 பில்லியன்தான். உண்மை. ஆனால் அந்த நாட்டிலும் 2022 கணக்கெடுப்புப்படி 45 சதவீதம் பேர் இன்னும் விவசாயத்தில் இருக்கிறார்கள், நம்மைப் போலவே. ஆடை மட்டுமே ஒரு நாட்டை வயலிலிருந்து வெளியே எடுத்துவிடாது. வியட்நாம் ஆடையோடு நிற்காமல் செருப்பு, ஷூ, மரச்சாமான், பிறகு செல்போன் என்று அடுக்கடுக்காகப் போனது. 2000இல் அங்கே மூன்றில் இரண்டு பங்கு பேரை ஒட்டி விவசாயத்தில் இருந்தார்கள், இப்போது கால் பங்குக்குச் சற்று மேல்.

லைனுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் உழைப்புத் திறன் என்ற சொல்லைக் கேட்டதும் தொழிலாளி சோம்பேறி என்று அர்த்தம் பண்ணிக்கொள்பவர்கள் நிறைய. ஒரு சாதா டி-ஷர்ட்டின் தையல் வேலை எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லைனில் 30 பேர், எட்டு மணி நேரம். தாளில் போட்டால் 2,400 பீஸ் வர வேண்டும். நாற்பது ஐம்பது சதவீதத்தில் ஓடும் லைன்கள் நம்மிடம் சாதாரணம், அதாவது ஆயிரம், ஆயிரத்து இருநூறு. கையில் வாட்சை வைத்துக்கொண்டு ஓரம் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த அக்கா தைக்கும்போது கை பறக்கிறது, இதற்கு மேல் வேகமாக யாராலும் தைக்க முடியாது. ஆனால் பண்டிலை எடுத்து முடிச்சு அவிழ்க்கிறார், முடிந்ததைக் கட்டி வைக்கிறார், முந்தின மெஷினிலிருந்து டி-ஷர்ட்டின் கைத்துணி வரவில்லை என்று காத்திருக்கிறார், கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியின் நிறம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார், ஊசி உடைந்து மெக்கானிக் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார். ஊசி துணியில் இறங்கி ஏறும் நேரம் அவர் நாளில் சின்னப் பகுதி. இதில் எது அவர் கையில் இருக்கிறது?

அப்புறம் ஸ்டைல் மாறும் நாள். புது ஸ்டைல் ஏறும்போது முதல் இரண்டு மூன்று நாள் லைன் படுத்துவிடும், கை பழகி மேலே வருவதற்குள் நாட்கள் போகும். ஒரு லட்சம் பீஸ் ஆர்டர் எடுத்த கம்பெனிக்கு இந்த நஷ்டம் கரைந்துவிடும். இருபது மெஷின் வைத்து அடுத்தவர் ஆர்டரைத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுக்கு வருவது இரண்டாயிரம், மூவாயிரம் பீஸ் ஜாப் ஒர்க், லைன் மேலே ஏறும்போது ஆர்டர் முடிந்துவிடும், அடுத்தது ஏறும். அதே டெய்லர், அதே மெஷின், அதே ஊர், ஆனால் நாள் முடிவில் பாதி பீஸ். எட்டு மடங்கு என்று மேலே சொன்ன அந்த எண் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான். சின்ன யூனிட்டுக்காரர் கெட்டிக்காரராகவும் நல்ல மனுஷராகவும் இருக்கலாம், ஆர்டர் அளவு அவரை விடாது.

நிர்வாகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று ஒழுங்காகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உமர்காவ் பகுதி நெசவாலைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஆலோசகர்களை அனுப்பி, சரக்கை ஒழுங்காக அடுக்குவது, மெஷின் நிற்கும் காரணத்தைத் தினமும் எழுதுவது, பழுதைப் பதிவு செய்வது போன்ற எளிய பழக்கங்களைக் கொண்டுவந்தார்கள். முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. 2013இல் வெளிவந்த ஆய்வு அது. பதினேழு சதவீதத்தைத் துறை மாற்றாமல், ஆளை மாற்றாமல் எடுத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் எல்லோரும் சின்னதாகவே இருக்கிறார்கள்? நூறு பேருக்கு மேல் இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்ற பழைய சட்டத்தைத்தான் முதலாளிகள் சங்கங்கள் காட்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை 300 ஆக்கிவிட்டது. எனக்கென்னவோ சட்டம் மட்டுமே காரணமென்று தோன்றவில்லை. ஆர்டர் இல்லாத மாதத்தில் சம்பளம் கொடுக்க மனமில்லை என்பது ஒன்று, இருநூறு பேரை மேய்க்கத் தெரிந்த சூப்பர்வைசர் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று, வெளியாளை நம்பிச் சாவியைக் கொடுக்காத குடும்பத் தொழில் பழக்கம் எல்லாவற்றுக்கும் மேல். எல்லை 300 ஆனதால் நாளைக்கே பவர் டேபிள்கள் எல்லாம் சேர்ந்து பெரிய ஆலையாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வேலை நேரத்தைக் கூட்டினால் திறன் கூடும் என்று நினைப்பவர்கள் வேறு. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் லைனில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆல்டர் பீஸ், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ், எவ்வளவு ஏறுகிறது என்று செக்கிங் மேஜையில் போய்ப் பார்த்தால் போதும். ஆளுக்கு எவ்வளவு என்ற எண் நேரத்தை நீட்டினால் ஏறும், மணிக்கு எவ்வளவு என்ற எண் இறங்கும்.

பெரிய ஆலையில் ஆளை நிறுத்தி வைப்பதற்குத் தேவைப்படுவது தங்குமிடம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்களுக்கானது. அதற்கு முன்னால், 2021 டிசம்பரில், அதே ஆலைப் பெண்கள் தங்கியிருந்த வேறு ஒரு விடுதியின் சாப்பாட்டால் பலர் நோயுற்று, ஆயிரக்கணக்கானவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. சாப்பாடும் கழிப்பறையும் உழைப்புத் திறன் என்ற கணக்கில் வராத விஷயம் என்று யாராவது சொன்னால் அந்த வாரங்களைக் காட்டலாம். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2023-24இல் 9.5 பில்லியன் டாலரிலிருந்து அடுத்த ஆண்டே 14.6 பில்லியன் ஆனது. செல்போனுக்குள் இருக்கும் சிப், திரை எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி, நம் கையில் நிற்கும் மதிப்பு குறைவு என்ற விமர்சனம் சரியானதே. ஆனாலும் புதிதாக வரும் ஒரு பெண்ணின் உற்பத்தி வயலில் இருந்ததைப் போலப் பல மடங்கு, அவரைப் போல ஆயிரக்கணக்கானவர்களை எடுக்கிறார்கள், பன்னிரண்டாவது போதும். மூன்று கேள்விக்கும் ஒரே நேரத்தில் தேறும் வழி இதைத் தவிர எனக்கு வேறு தெரியவில்லை. செய்யாறில் பல்லாயிரம் பெண்கள் வேலை செய்யும் ஷூ ஆலையும் இதே கணக்கில்தான் வரும், அங்கே விடுதிக்குப் பதில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குள் கம்பெனி பஸ் போகிறது, பெண்கள் ராத்திரி வீட்டில் தூங்குகிறார்கள். விடுதியா பஸ்ஸா என்று கேட்டால் நான் பஸ் பக்கம். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் வேலையில் நீடிப்பதற்கு அதுதான் வழி, விடுதி பெரும்பாலும் இருபதுகளோடு முடிந்துவிடும்.

ஆபத்து என்ன? வெளிநாட்டுச் சந்தை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட் குறைந்தது. கட்டுமானமும் மளிகைக் கடையும் அப்படி ஒரே நாளில் அடி வாங்காது. இதை ஒத்துக்கொண்டேதான் நான் தொழிற்சாலைக்கு ஓட்டுப் போடுகிறேன், அதுவும் எல்லாத் தொழிற்சாலைக்கும் இல்லை. கோடிகளைக் கொட்டி நூறு பேருக்கு வேலை தரும் ரசாயன ஆலைக்குச் சலுகை கொடுப்பது மாநிலத்தின் சராசரி எண்ணை அழகாக்கும், வயலில் நிற்பவரை அது தொடாது. சலுகையை முதலீட்டுத் தொகைக்கு என்று கொடுக்காமல், இருநூறு பேரைத் தாண்டி வளரும் யூனிட்டுக்கு, பிஎஃப் கட்டும் ஒவ்வொரு புது ஆளுக்கும் என்று கொடுக்க வேண்டும். ஐந்து சின்ன யூனிட்காரர்கள் சேர்ந்து ஒரே கூரையில் ஒரு பெரிய லைன் போட வந்தால் அவர்களுக்கு முதல் கடன். நூறு ரூபாயில் எழுபதை இங்கே போடுவேன், இருபதைக் கால்நடைக்கும் காய்கறிக்கும் குளிர்சாதனக் கிடங்குக்கும், மிச்சத்தைக் கட்டுமானத்தில் பெண்களுக்குக் கொத்தனார், டைல்ஸ், எலெக்ட்ரிக்கல் பயிற்சிக்கு. மென்பொருளுக்கு ஒரு பைசா வேண்டாம், அது தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வீட்டளவில் இதே முடிவை எடுப்பவர்களுக்கு, அதாவது பெண்ணையோ பையனையோ முதல் வேலைக்கு அனுப்பப் போகிறவர்களுக்கு, துறையின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பேன். எத்தனை பேர் வேலை செய்யும் இடம், பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா, சம்பளம் மாதமா பீஸ் ரேட்டா, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி உண்டா, பஸ் உங்கள் ஊர் வரை வருமா, லைனில் சேர்ந்தவர்களில் சூப்பர்வைசர் ஆனவர் யாராவது அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மேனேஜரிடம் பதில் வாங்காதீர்கள், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஷிப்ட் விட்டு வருபவர்களிடம் கேளுங்கள்.